மலையூரில் எலித் தொல்லை: நாம் செய்த தவறும் செய்ய வேண்டிய பணியும்

(அறக்கட்டளையின் மாதாந்திர நலப்பணிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி என்று மாதக் கணக்கை வாசிப்போம். இன்று கணக்கு வாசிக்கும் முன் எலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சிலர் சிரிக்கிறீர்கள். முதலில் நாங்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் இது நம் பைத்துல்மால் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நாம் செய்த ஒரு தவறும் இதில் இருக்கிறது. தவறை மறைத்து நல்லதை மட்டும் அறிக்கையில் எழுதுவது நமக்கு அழகல்ல.

பெட்டமுகிலாளம் மலைப்பகுதியில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாம் உணவுப் பொருள் கொண்டு சென்றது உங்களுக்கு நினைவிருக்கும். மொத்தம் 32 வீடுகள். நம் சமுதாயத்தார் எவரும் அங்கு இல்லை. ராகி விதைத்து, ஆடு மேய்த்து, கூலிக்குப் போய்ப் பிழைக்கும் மக்கள். அதனால் ஜகாத் நிதியைத் தொடாமல், பொது ஸதகா நிதியிலிருந்து வீட்டுக்கு 25 கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்தோம். படம் எடுத்தோம், இந்த இதழிலும் வெளியிட்டோம். பணி முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவ முகாமுக்காக அதே ஊருக்குப் போனோம். ஒரு மூதாட்டி எங்களைத் தம் வீட்டுக்குள் கூப்பிட்டு மூட்டையைக் காட்டினார். பிளாஸ்டிக் சாக்கு அடியில் கிழிந்து, அரிசியோடு எலிப் புழுக்கை கலந்து கிடந்தது. "பாய், நீங்க குடுத்ததுல பாதி எங்களுக்கு, பாதி எலிக்கு. எலிக்கும் புண்ணியம் சேத்துக்கிட்டீங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வீட்டெலி ஒரு நாளில் சுமார் 20 கிராம் தானியம் தின்னும். ஒரு வீட்டில் பத்து எலி இருந்தால் நாளைக்கு 200 கிராம், மாதத்துக்கு 6 கிலோ. இரண்டு மாதத்தில் 12 கிலோ. 25 கிலோவில் பாதி. மூதாட்டி சொன்னது மிகையல்ல. தின்றது போக, மூத்திரமும் புழுக்கையும் பட்டுக் கெட்டது தனி.

அவ்வூரில் எலி பெருகுவதற்குக் காரணமும் உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வருகின்றன. களத்திலோ வெளித் திண்ணையிலோ தானியம் வைக்க அவர்களுக்குப் பயம். அதனால் மூட்டைகளைத் தாங்கள் படுக்கும் அறைக்குள்ளேயே அடுக்குகிறார்கள். தானியம் எங்கே போகிறதோ எலி அங்கே வருகிறது. எலி வரும் இடத்துக்கு அதைத் தேடிப் பாம்பு வருகிறது. தரையில் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் இதன் பொருள் என்னவென்று உங்களுக்கே தெரியும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். கடித்த தடம்கூடச் சில நேரம் தெரியாது. பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது, அந்த அளவுக்கு அது பெரிய பிரச்சினை என்பதால்தான்.

இனி நம் தவறைச் சொல்கிறோம். எலித் தொல்லை என்று கேட்டதும் நாங்கள் யோசித்ததெல்லாம் மருந்து ஒன்றுதான். கடையில் எலி மருந்துக் கட்டிகளை மொத்தமாக வாங்கினோம். பெட்டி பெட்டியாகக் கொண்டு போனால் இடம் அடைக்கும் என்று வெளி அட்டையைப் பிரித்து எறிந்துவிட்டு, கட்டிகளை மட்டும் சிறு பைகளில் போட்டு வீட்டுக்கு ஒரு பை கொடுத்தோம். "மூலையில் வையுங்கள், குழந்தைகள் பத்திரம்" என்று ஒரு வரி சொன்னோம். அத்தோடு சரி.

அடுத்த பத்து நாளில் எலிகள் செத்தன. கூரைக்குள்ளும் சுவர்ப் பொந்துக்குள்ளும் செத்து நாறின. ஒரு வீட்டில் இரண்டு கோழிகள் செத்தன. எலி தின்ற பூனை ஒன்றும் போயிற்று. ஒரு நாள் மாலை, தாய் வயலில் இருந்த நேரத்தில், மூன்று வயதுப் பெண் குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்த நீல நிறக் கட்டியை மிட்டாய் என்று நினைத்துக் கடித்துவிட்டது.

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் குழந்தையைப் பைக்கில் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை வந்தார். அங்கிருந்து 108 வண்டி. அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து? அட்டை இருக்கிறதா?" என்பது. அவர்களிடம் அட்டை இல்லை. அதை நாம்தானே பிரித்து எறிந்தோம்! நம் தொண்டர் ஒருவர் வீட்டில் தற்செயலாக ஒரு வெற்றுப் பெட்டி இருந்தது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்து என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்கு மாற்றாக வைட்டமின் கே கொடுக்கலாம். கொடுத்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கண்காணித்தார்கள். நான்காம் நாள் குழந்தை வீடு திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நான்கு நாட்களும் இந்த அலுவலகத்தில் எவருக்கும் சோறு இறங்கவில்லை. குழந்தையின் தகப்பனாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "நல்லது செய்யணும்னுதான பாய் குடுத்தீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சகோதரர்களே, எல்லா எலி மருந்துக்கும் மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் ஈரலைக் கெடுத்து எத்தனையோ உயிர்களைக் குடித்ததால்தான் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. எங்காவது பழைய ட்யூப் உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். தானியக் கிடங்கில் போடும் மாத்திரைகள் ஈரம் பட்டால் விஷவாயு விடும். அவை வீட்டுக்குள் வரவே கூடாதவை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் எலிக்கு மருந்து வைத்த அன்றிரவு, ஏசி அறையில் படுத்திருந்த குடும்பத்தில் இரண்டு பிஞ்சுக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். படித்தவர்கள், பெருநகரத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள். அவர்களுக்கே அந்நிலை என்றால், தார் ரோட்டுக்கு வரவே ஒரு மணி நேரம் ஆகும் மலையூரில் என்ன ஆகும்?

இன்னொன்றும் உண்டு. கோபத்திலோ துக்கத்திலோ ஒரு நிமிடம் மனம் தடுமாறும் மனிதர் எந்த வீட்டிலும் இருக்கலாம். அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இருக்கக் கூடாது. எவராவது தெரிந்தோ தெரியாமலோ எலி மருந்து உட்கொண்டால், பார்க்க நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுப்பது போன்ற கை வைத்தியம் வேண்டாம். மருந்தின் உறையோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அப்படியானால் எலியை என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு மீண்டும் அவ்வூருக்குப் போனோம். இந்த முறை கொடுக்கப் போகவில்லை, கேட்கப் போனோம். அங்குள்ள இருளர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களை ஊரைச் சுற்றி அழைத்துச் சென்றார். எந்த வளை பழையது, எதில் இப்போது எலி இருக்கிறது, எந்த வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வளை வாயில் புதிய மண் இருந்தால் உள்ளே ஆள் உண்டு. சிலந்தி வலை பின்னியிருந்தால் காலி. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வளையைத் தோண்டியும் புகை போட்டும் எலி பிடிப்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களின் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் எடுத்துத் தருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவர்களின் ஊருக்குத்தான் நாம் கேட்காமல் விஷக்கட்டி கொண்டு போயிருக்கிறோம்.

பெரியவர் சொன்னது இதுதான்: "தீனி இருக்கற வரைக்கும் எலி வரும் பாய். பத்தைக் கொன்னா இருபது வரும்." இதைத்தான் அறிவியலும் சொல்கிறது. எலி சுமார் மூன்று வாரம் சினையாக இருக்கும். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று குட்டி போடும். அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடும். தீனியும் பொந்தும் இருக்கும்வரை நம் மருந்தால் அதை முந்த முடியாது. தீனியை மூடினால், பொந்தை அடைத்தால், அது தானே குறையும்.

நபி (ஸல்) அவர்கள் இரவில் படுக்கும் முன் பாத்திரங்களை மூடும்படியும் விளக்கை அணைக்கும்படியும் சொன்னதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டுக்குத் தீ வைத்துவிடக்கூடும் என்ற காரணமும் அந்த ஹதீஸிலேயே வருகிறது. பாத்திரத்தை மூடு என்ற அந்தச் சிறு போதனையைத்தான் நாம் மூட்டை கட்டிய அன்று மறந்துவிட்டோம். அரிசி கொடுத்தோம், அதை மூடி வைக்க ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்போது செய்தவற்றைச் சொல்கிறோம். நம் வீடுகளுக்கும் இவை பொருந்தும் என்பதால் கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, டின். வீட்டுக்கு ஒன்று, 50 கிலோ பிடிக்கும், மூடி இறுக்கமாக உள்ள புதிய தகர டின். ஒன்று 1,800 ரூபாய் வீதம் 32 டின்னுக்கு 57,600 ரூபாய். சிலர், ஓசூர் பழைய இரும்புக் கடைகளில் கம்பெனி டிரம் பாதி விலைக்குக் கிடைக்குமே என்றார்கள். கெமிக்கல் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அதில் தானியமோ குடிதண்ணீரோ வைக்கக் கூடாது. சிப்காட் பக்கம் நம் லைன் வீடுகளிலேயே பலர் நீல டிரம்மில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். அதில் முன்பு என்ன வந்தது என்று தெரியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஓட்டை. பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். அரை அங்குலச் சந்து வீட்டெலிக்குப் போதும். மண் வைத்து அடைத்தால் ஒரே இரவில் கொறித்துவிடும். எலியின் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே, கால் அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலையை ஓட்டைக்குள் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். கதவின் அடியில் தகரப் பட்டை அடித்தோம். கூரையைத் தொடும் மரக்கிளைகளை வெட்டினோம்.

மூன்றாவது, சுற்றுப்புறம். சுவரை ஒட்டி அடுக்கிய விறகைத் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பரண் போட்டு அடுக்கச் சொன்னோம். கோழித் தீனியில் மிஞ்சியதை இருட்டும் முன் அள்ளிவிட வேண்டும். எச்சில் சோற்றை வாசலில் கொட்டக் கூடாது.

நான்காவது, பொறி. தீனியை மூடிய பிறகுதான் பொறி வேலை செய்யும். மூட்டை திறந்திருக்க, எலி எதற்குப் பொறிக்குள் வரும்? எலி புதுப் பொருளைக் கண்டால் அஞ்சும். அதனால் கூண்டுப் பொறியை மூன்று நான்கு நாள் பூட்டாமல் கருவாடோ தேங்காய்ச் சில்லோ வைத்துச் சுவரோரம் விட்டுவைக்க வேண்டும். எலி பழகிய பிறகு எல்லா வீட்டிலும் ஒரே இரவில் பூட்ட வேண்டும். ஒரு வீடு மட்டும் செய்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். பசை அட்டை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதில் ஒட்டிக்கொண்ட பிராணி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். கொல்ல அனுமதி உள்ள பிராணியைக்கூட வதைத்துக் கொல்ல நமக்கு அனுமதி இல்லை.

ஐந்தாவது, சுத்தம் செய்யும் முறை. புழுக்கையை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது, தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பை மாட்டி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஏனென்றால் எலியால் வருவது தானிய நட்டம் மட்டுமல்ல. எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நடந்தால், காலில் உள்ள சிறு புண் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை என்று போகும். புதர்க்காட்டில் எலிகளின் மேல் வாழும் நுண்ணிய உண்ணிக் குஞ்சு கடித்தால் வேறொரு காய்ச்சல் வரும். ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ இடுப்பிலோ மறைந்திருக்கும். இரண்டுக்கும் மருந்து உண்டு, விலையும் அதிகமில்லை. தாமதமானால்தான் ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் ஊசி மாத்திரை கேட்காமல் டாக்டரிடம் போங்கள். போனால், "எங்கள் வீட்டில் எலி உண்டு, காட்டுப் பக்கம் போய் வந்தோம்" என்பதைச் சொல்லுங்கள்.

நம் பகுதிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நுழைந்தது. அந்நோய்க்குப் பிறகுதான் நெருக்கம் குறைந்த பகுதிகளாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்ந்தன. அதே 1898இல்தான் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி வழியாகப் பிளேக் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். பூச்சிகளாலும் விலங்குகளாலும் பரவும் நோய்களுக்கான தமிழ்நாடு அரசின் நிறுவனம் இன்றும் நம் ஓசூரில் இருக்கிறது. மூன்று மாநில எல்லை கூடும் ஊரில் அப்படி ஒன்று இருப்பதை நம்மில் பலர் அறியவே மாட்டோம்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்வது பொருத்தம். 1897இல் மும்பையில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் தடுப்பூசி கண்டுபிடித்தபோது மக்கள் அஞ்சினார்கள். அப்போது இருபது வயதைக்கூட எட்டியிராத மூன்றாம் ஆகா கான், தம் மக்கள் பார்க்கும்படி தாமே முதலில் ஊசி போட்டுக்கொண்டார். பிறருக்குச் சொல்வதை முதலில் தன் மேல் செய்து காட்டினார்.

நாம் அப்படிச் செய்தோமா? மலையூருக்குப் பாடம் சொல்லப் போன நம் மஹல்லாவின் பின் சந்தைப் பாருங்கள். கறிக்கடைக் கழிவு, ஹோட்டல் எச்சில், திறந்த சாக்கடை. இரவு பத்து மணிக்கு மேல் பெருச்சாளிகள் பூனைக்கே பயப்படாமல் திரிகின்றன. மத்ரஸா சமையலறையில் அரிசி மூட்டை சென்ற வாரம் வரை தரையில்தான் கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள்தான், பேசாமல் கடந்து போனவர்களும் நாங்கள்தான். அந்த மூட்டை இப்போது டின்னுக்குள் போய்விட்டது. பின் சந்து இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே நிர்வாகக் குழு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒன்று, இனி நம் அறக்கட்டளை எவருக்கும் எந்த விஷ மருந்தும் வினியோகிக்காது. இரண்டு, உலர் உணவு எங்கே கொடுத்தாலும் முதல் முறை மூடியுள்ள டின்னோடுதான் கொடுப்போம். அதனால் நூறு குடும்பத்துக்குக் கொடுக்கும் இடத்தில் எழுபது குடும்பத்துக்குத்தான் கொடுக்க முடியும் என்றாலும் சரி. எலிக்குப் பாதி போகும் நூறு மூட்டையைவிட, முழுதும் மனிதர் வயிற்றுக்குப் போகும் எழுபது மேல். மூன்று, வருகிற ஞாயிறு ஃபஜ்ருக்குப் பிறகு நம் மஹல்லாப் பின் சந்தைச் சுத்தம் செய்கிறோம். கறிக்கடைச் சகோதரர்களிடம் பேசிவிட்டோம். கழிவை மூடியுள்ள பீப்பாயில் போட்டு மாநகராட்சி வண்டியில் ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்கள் மண்வெட்டியோடும், பெரியவர்கள் துஆவோடும் வர வேண்டும். வர இயலாதவர்கள் தங்கள் வீட்டுச் சமையலறைச் சந்தையாவது அடைத்துவிடுங்கள்.

போன மாதம் மீண்டும் மலைக்குப் போனோம். எலி முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். இரண்டு வீடுகளில் டின் மூடியைத் தொலைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் டின்னுக்குள் துணி வைத்திருந்தார்கள், ராகி பழையபடி சாக்கில். பழக்கம் மாறக் கொஞ்ச காலம் ஆகும். ஆனால் அந்த மூதாட்டி தம் டின்னைத் திறந்து காட்டினார். ராகி சுத்தமாக இருந்தது. மூடியின் மேல் ஒரு கல்லும் வைத்திருந்தார். "இப்ப எலி சுத்திச் சுத்தி வந்துட்டுப் போவுது பாய்" என்றார். நீலக் கட்டியைக் கடித்த அந்தக் குழந்தை எங்கள் வண்டியைக் கண்டதும் ஓடி வந்து கை நீட்டியது. பேரீச்சம்பழம் கொடுத்தோம். வாங்கித் தாயிடம் காட்டிவிட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் வாயில் போட்டது.

நம் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நாம் கொடுக்கும் ஒவ்வொரு கைப்பிடியும் உரியவர் வயிற்றைச் சென்றடையச் செய்வானாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.